வண்டி விட்ட மூச்சு

ஒரே ஒரு ஊரிலே, கிணறு பாதி வற்றினாலும் மல்லிச்செடி வற்றாத ஊரிலே, ஒரு பூவண்டிக்காரன் இருந்தானாம். அவன் அம்மனுக்குப் பூக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி ஆயில் கொண்டுபோனானாம். அம்மன் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறிப் போச்சாம்.

இப்படித்தாங்க ஆரம்பிக்கிறார்கள் என் கதையை. கருக்கலில் மொட்டுக் கிள்ளுகிற பெண்கள் இருக்கிறார்களே, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் உம் கொட்ட, நாளுக்கு ஒரு தரம் என்னைக் கதையாக்கி விடுகிறார்கள். உங்கள் தோட்டத்திலும் ஓடியிருக்கும். பெரியகிணற்றுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து வந்திருக்கிற புது ஆள் நீங்கதானே? மூட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. ஈரத்துணி உள்ளே, சாக்கு வெளியே, கழுத்தில் ரெண்டு முடிச்சு. வெளியூர்க் கட்டு. நல்ல கட்டுதான், குறை சொல்லவில்லை.

அப்படி அந்த மைல்கல் மேல் வைங்க. சவரியுடைய குட்டியானை லோடு வண்டி வர இன்னும் அரைமணி ஆகும். அவன் வண்டி தோட்டம் தோட்டமாக நின்று, பீடி பற்றவைத்து, பொண்டாட்டியோடு போனில் பேசி முடித்துத்தான் இங்கே வரும். என் பெயர் அழகுமலை. ஒன்பது வருஷமாக ஒத்தப்புளிப்பட்டிப் பூவை நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். 'கொண்டுபோனவன்' என்று ஊரில் திருத்துவார்கள். திருத்தட்டும்.

மறைப்பானேன், உங்கள் மூட்டைக்காகத்தான் வண்டியை நிறுத்தினேன். இந்த பைக் கேரியரில் ஒரு மூட்டை ஏறினால் போதும். ஊர் பார்க்கும். நாளைக்கு ரெண்டாவது மூட்டை தானாக வரும். ஒன்றுமே ஏறாமல் ஒரு மாசமாகக் காலியாக நிற்கிறது பாருங்க கேரியர், அதற்கே வெட்கமாக இருக்கும். அதனால் உண்மைக் கதையை என் வாயால் கேட்டுவிட்டு, அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்க. உம் கொட்டுங்க. கொட்டாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லிவிடுவேன்.

பூ வியாபாரம் உங்களுக்குத் தெரியும். சந்தையில் முதல் மூட்டை இறங்கும்போது ஒரு விலை, அறுபதாவது மூட்டை இறங்கும்போது ஒரு விலை. நடுவில் இருப்பது அரைமணி நேரம். இருபத்திரண்டு தோட்டத்துப் பூவை ரெண்டு நடையாக நான் ஒருத்தன் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாசி மாசம் இந்தச் சவரி எங்கேயோ கடனைக் கிடனை வாங்கி ஒரு குட்டியானை கொண்டுவந்து நிறுத்தினான். ஒரே நடை. மேலே தார்ப்பாய் வேறு. நாலு தோட்டம் உடனே அவன் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தவர்களில் ஒருத்தர் என் சொந்தச் சித்தப்பா. இரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி என்பார்கள். மல்லியைவிடக் கெட்டி என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு வேகம் வேண்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

போன் வீடியோவில் ஒரு ஆள் வருவார், தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வண்டியைப் பற்றிப் பேசுவார். அவர்தான் சொன்னார். உங்கள் வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு கருப்புப் பெட்டி இருக்கிறது, அதற்குள் ஃபில்டர் இருக்கிறது, அந்தப் பெட்டி வழியாகத்தான் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது, அது மூக்கில் பஞ்சு வைத்து ஓடச்சொல்வது மாதிரி, பெட்டியைத் தூக்கிப் போடு, கார்புரேட்டர் வாயில் நேராக ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டு, வண்டி பறக்கும். பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. கம்பெனிக்காரன் எதற்குப் பெட்டி வைத்தான்? நம்மைக் கட்டிப்போடத்தான். இந்த நாட்டில் எந்தப் பெட்டி நமக்கு நல்லது செய்திருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே ஸ்பானரை எடுத்துக் கழற்றினேன். பெட்டியைக் கோழிக்குத் தண்ணி வைக்கக் கொடுத்துவிட்டேன். கூம்பு ஃபில்டர் மாட்டினேன், சிவப்பு நிறம், வண்டி இடுப்பில் செம்பருத்தி செருகின மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு ரப்பர் ஹோஸ் மிச்சம். விரல் தடிமன். ஒரு முனை எஞ்சினில், மறுமுனை பெட்டியில் இருந்தது. பெட்டி போனதால் சும்மா தொங்கியது. எஞ்சின் ஓட ஓட அதிலிருந்து வெள்ளைப் புகை குப்குப் என்று வந்தது.

பைபாஸ் முக்கில் பட்டறை வைத்திருக்கிற அபுதாகிர் பாயிடம் காட்டினேன். நல்ல மனிதர். கைராசிக்காரர். ஆனால் எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து சொல்லுவார். பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கும்போது கொஞ்சம் புகை அதன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் கிடக்கிற அறைக்குள் இறங்கிவிடுமாம். அது அங்கேயே சேர்ந்தால் உள்ளே அழுத்தம் ஏறுமாம். அதனால்தான் அந்த ஹோஸ் வழியாகப் பெட்டிக்குள் விட்டு, எஞ்சினே மறுபடி குடித்து எரித்துவிடும்படி செய்திருக்கிறானாம். அது வெறும் புகை இல்லையாம், ஆயிலும் ஆவியாகக் கலந்து வருமாம்.

நான் சிரித்துவிட்டேன். "தான் விட்ட குசுவைத் தானே மோந்துக்கிட்டு ஓடுற வண்டியவா பாய் நான் ஒம்போது வருஷம் ஓட்டுனேன்?"

அவர் சிரிக்கவில்லை. "அழகு, உள்ள இழுக்குற மூச்சுக்கு வழி பண்ணிட்ட. வெளிய விடுற மூச்சுக்கு என்ன வழின்னு கேக்குறேன்" என்றார்.

வழியென்ன வழி. புகை வெளியே போகிறது என்றால் எஞ்சினுடைய சக்தி வெளியே போகிறது என்று அர்த்தம். குக்கரில் விசில் போய்க்கொண்டே இருந்தால் சோறு வேகுமா? வீட்டுக்கு வந்து ஒரு வேப்பங்குச்சியைச் செதுக்கி, ஹோஸ் வாயில் அடித்து, மேலே சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக் கட்டிவிட்டேன். ரெண்டு நாள் வண்டி பறந்தது. சத்தியமாகப் பறந்தது. மூன்றாம் நாள் வாய்க்கால் பாலத்தில் கியர் போடப் போனேன், கால் வழுக்கியது. பார்த்தால் இடது பாதம் முழுக்க ஆயில். கியர்ப் பக்கத்து ஆயில் சீல் பிதுங்கி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதெல்லாம் என்ன சீல் செய்கிறார்கள் சொல்லுங்க. ரெண்டு நாள் மூச்சுப் பிடிக்கத் தெரியாத சீல் எல்லாம் ஒரு சீலா?

பாய் சீலை மாற்றினார். திட்டவில்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மூடியில் ரெண்டு துளை. ஒன்றில் ஹோஸைச் செருக வேண்டும், இன்னொன்றில் காற்றுப் போக ஒரு சின்ன ஃபில்டர். ஆயில் ஆவி பாட்டிலில் தங்கிவிடும், வெறும் காற்று வெளியே போகும், மாசத்துக்கு ஒரு தரம் திறந்து கொட்டினால் போதும், வண்டிச் சட்டத்தில் கீழே முன்பக்கமாகக் கட்டித் தருகிறேன் என்றார். காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. கல்யாணத்துக்குப் போகிற பூ, கோயிலுக்குப் போகிற பூ, அதைக் கொண்டுபோகிற வண்டி. அதன் இடுப்பில் பழுப்புத் தண்ணி நிறைந்த பாட்டிலைத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? பெரியாஸ்பத்திரி வராந்தாவில் மூத்திரப் பையோடு நடக்கிற நோயாளி மாதிரி இருக்கும். முடியாது பாய் என்றுவிட்டேன்.

என் யோசனையைச் சொன்னேன். நீளமாக ஒரு ஹோஸ் வாங்கினேன். எஞ்சினிலிருந்து சீட்டுக்கு அடியில் ஓட்டி, பின்னால் கொண்டுபோய், கேரியர்க் கம்பியில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கி, வாயைப் பின்பக்கம் பார்க்க வைத்தேன். புகை என்றால் பின்னால்தானே போகவேண்டும்? பஸ்ஸுக்குப் பின்னால் போகிறது. ரயிலுக்கு எல்லாம் முடிந்து பின்னால் போகிறது. மனுஷனுக்கு எப்படிப் போகிறது? கடவுள் போட்ட கணக்கு.

பாய் கேரியரையே பார்த்துக்கொண்டு நின்றார். "பூ மூட்டை அங்கனதான இருக்கும் அழகு?"

"காத்து அடிச்சுட்டுப் போயிரும் பாய்."

"மூட்டைக்குப் பின்னாடி காத்து சுத்தும்ல?"

இவர் எப்போது காற்றைப் படித்தார் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சவரிக்குப் பதினோரு நிமிஷம் முன்னால் சந்தையில் இறங்கினேன். பதினோரு நிமிஷம். அவன் வந்து நின்றபோது நான் டீ குடித்து, கிளாஸைக் கழுவி வைத்திருந்தேன். அவன் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். எட்டு நாளில் போன நாலு தோட்டமும் திரும்பி வந்தது, சித்தப்பா உட்பட. நான் ஒன்றும் கேட்கவில்லை. பெருந்தன்மை.

அப்புறம்தான் கமிஷன் கடைக்காரர் ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மல்லிக்கு ஒரு குணம் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. விடியலில் மொட்டாக இருக்கும்போது அது ஊமை. சாயங்காலம் விரியும்போதுதான் வாயைத் திறக்கும். எங்கள் ஊர்ப் பூ சாயங்காலம் வாயைத் திறந்தால் மல்லி வாசத்தோடு ஒர்க்‌ஷாப் வாசமும் வருகிறதாம். மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் பொண்ணுக்குத் தலை சுற்றிவிட்டதாம். கல்யாணப் பொண்ணுக்குத் தலை சுற்ற ஆயிரம் காரணம் இருக்கும். ஆனாலும் அவர் எங்கள் ஊர் மூட்டையைத் தனியாக ஒதுக்கி, கடைசியாக விலை போட ஆரம்பித்தார்.

ஊர் கூடியது. ஆளாளுக்கு அடுத்தவன் தோட்டத்தைப் பார்த்தார்கள். மருந்து அடித்தாயா, என்ன மருந்து, எப்போது அடித்தாய் என்று. இருபத்திரண்டு தோட்டமும் ஒன்றாகக் கலந்து போகிற மூட்டை, யார் பூ என்று எப்படிச் சொல்ல? எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். தினம் தொட்டுத் தூக்குகிறவன் நான்தானே.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். வாய்க்கால் ஓரத்தில் காமுத்தாய் என்று ஒரு அம்மா. புருஷன் இல்லை. நாற்பது சென்ட் மல்லி, அவ்வளவுதான் சொத்து. ஊரில் எல்லாருக்கும் கரண்ட் மோட்டார், அந்தம்மாவுக்கு மட்டும் இன்னும் டீசல் எஞ்சின். செடிக்குப் பக்கத்திலேயே நின்று டபடபவென்று கரும்புகை கக்கும். அதைச் சொன்னேன். குற்றம் சாட்டவில்லை, சொன்னேன். ஊர் புரிந்துகொண்டது. அந்தம்மா எழுந்து ஏதோ சொல்ல வந்தார்கள், இருபது வருஷமாக அதே எஞ்சின்தானே என்றோ என்னவோ. நான்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். கூட்டம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

அன்றிலிருந்து காமுத்தாய் பூவை யாரும் எடுக்கக்கூடாது என்று ஆயிற்று. பதினாறு நாள். சித்திரை மாசம், செடி கொட்டுகிற நேரம். அந்தம்மா ரோட்டோரத்தில் கூடையை வைத்துக்கொண்டு, போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையை நீட்டி முழம் போட்டு விற்றார்கள். பெரும்பாலும் வாடித்தான் போச்சு. நானும் அந்த வழியாகத்தான் போவேன். பார்க்காத மாதிரிதான் போவேன், சங்கடப்படுத்தக் கூடாதில்லையா.

வாடை நின்றதா என்கிறீர்களா? நிற்கவில்லைதான். அது வேறு விஷயம். டீசல் புகை ரொம்ப வருஷமாக வாய்க்காலில் கலந்திருக்கும், போக நாளாகும் என்று சொன்னேன். தலையாட்டினார்கள்.

இப்போது பூச்சொரிதலுக்கு வருகிறேன். அந்தப் பெண்கள் கதையில் இங்கேதான் பொய் கலக்கிறார்கள், கவனமாகக் கேளுங்க.

கரட்டடி முத்தாலம்மன் எங்கள் ஊருக்கு ஆறு கிலோமீட்டர். சித்திரைக் கடைசிச் செவ்வாய் அன்றைக்கு ஊர்ப் பூ சந்தைக்குப் போகாது. மொத்தமும் அம்மன் தலையில்தான். அதற்கு ஒரு கட்டு உண்டு. அம்மனுக்கு எடுத்த பூவைத் தரையில் வைக்கக்கூடாது, யாரும் மோந்துபார்க்கக் கூடாது. மோந்தால் எச்சில். பறிக்கிற பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் பறிப்பார்கள். மூட்டை கட்டுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுவான். முதலில் மோப்பது அம்மனாகத்தான் இருக்கவேண்டும்.

நாலு நடை அடித்தேன், வண்டியில். எட்டு மூட்டை. ஏற்றத்தில் நல்ல முறுக்கு முறுக்கித்தான் ஏறவேண்டும், எஞ்சின் சூடு அப்படி. பொறுப்போடு கொண்டுபோய் இறக்கினேன். அம்மன் பூ என்றால் யாரையும் ஒதுக்கக்கூடாது என்பதால் காமுத்தாயிடமும் மூட்டையைக் கேட்டு ஆள் போனது. அந்தம்மா தரவில்லை. தன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டரும் வெயிலில் நடந்தே வந்தார்கள். வீம்பு.

மத்தியானம் மாயாண்டிப் பூசாரி எட்டு மூட்டையையும் அம்மன் மேல் கொட்டி, கழுத்துவரைக்கும் மூடி, கருவறைக் கதவைச் சாத்தினார். சாயங்காலம் பூ விரிந்த பிறகு கதவைத் திறந்து தீபம் காட்டுவது வழக்கம். காமுத்தாய் கூடையை மட்டும் அவர் வாங்கி ஓரமாக மாடத்தில் வைத்துவிட்டார். கடைசியாகச் சாத்திக்கொள்ளலாம் என்று. ஊர்ப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்குமில்லையா.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார். தீபத்தைத் தூக்கியவர் ஒரு அடி பின்னால் வந்துவிட்டார். முன்வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்கள். சின்ன அறை, ஜன்னல் இல்லை, நாலு மணி நேரம் பூட்டிக் கிடந்திருக்கிறது. பட்டறைக்குள் பூவைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஊர் மொத்தமும் திரும்பிக் காமுத்தாயைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

அந்தம்மா நகரவில்லை. மாடத்திலிருந்து தன் கூடையை எடுத்துப் பூசாரி முன்னால் நீட்டினார்கள்.

"என் பூ இன்னும் சாமிக்கு ஏறல. இந்தக் கூடையிலதான் இருக்கு. மோந்து பாரு பூசாரி."

பூசாரி தயங்கினார். மோந்தால் எச்சிலாகிவிடும், அப்புறம் அம்மனுக்கு ஆகாது தாயி, வருஷத்துக்கு ஒருநாள் என்று சொன்னார்.

"ஆகாமப் போகட்டும். மோந்து பாரு."

மோந்தார். கண்ணை மூடி ரெண்டாம் தரமும் மோந்தார். வெறும் மல்லி. பக்கத்தில் நின்ற கோயில் பெரியவர் மோந்தார். என் சித்தப்பா மோந்தார், அவர் எதற்கு நடுவில் என்று தெரியவில்லை. அந்தக் கூடை ஒரு சுற்று வந்தது. என்னிடம் மட்டும் யாரும் நீட்டவில்லை.

பிறகு பூசாரி வெளியே வந்து என் வண்டியைச் சுற்றி வந்தார். தினம் பார்க்கிற வண்டிதான். கேரியரில் கட்டியிருந்த ஹோஸ் வாயில் விரலை விட்டு எடுத்தார். பழுப்பாகக் கொழகொழவென்று வந்தது. மூட்டை கட்டியிருந்த சாக்கை விரித்தால், ஹோஸ் பட்ட இடத்தில் தோசைக்கல் அகலத்துக்குக் கறை.

"அம்மன் தலையில இதத்தான் ஊத்துனியா அழகு?"

"ஊத்தல பூசாரி. அது ஆவியாத்தான் வரும்" என்றேன். விவரம் தெரியாமல் பேசக்கூடாதில்லையா, அதனால் பிஸ்டன் ரிங்கிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பாய் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். புகை எப்படி இறங்குகிறது, ஆயில் எப்படிக் கலக்கிறது, பெட்டி இருந்தவரைக்கும் எஞ்சினே எப்படி எரித்துக்கொண்டிருந்தது, எல்லாம். சொல்லி முடித்தபோது ஒருத்தர் கேட்டார், இவ்வளவும் தெரிஞ்சுதான் கட்டுனியா என்று. என்ன கேள்வி அது? தெரியாமல் கட்டுகிறவனா நான்?

காமுத்தாய் என்ன செய்தார்கள் தெரியுமா? சாமிக்கு ஆகாத அந்தக் கூடைப் பூவை அங்கே நின்ற பெண்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அந்தம்மாவுக்குப் பூ வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லை, புருஷன் போனபிறகு. மற்றவர்கள் தலையில் வைத்துவிட்டு, கூடையைத் தட்டி, என் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"கூட்டத்துல நீ சொன்ன வாடைத் தோட்டம் எங்க இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுச்சா? உன் வண்டிக்குப் பின்னாடி."

அவ்வளவுதான். நடந்தே இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு ஆம்பளையிடம் பொது இடத்தில் பேசுகிற பேச்சா இது? என்னிடம் மரியாதையாக வந்து கேட்டிருந்தால் நானே வண்டியில் கொண்டுபோய் விட்டிருப்பேன்.

எனக்கு அபராதம், நூற்றியெட்டுக் குடம் தண்ணீர் இறைத்து, அரப்புத் தேய்த்து அம்மனைக் கழுவிவிட வேண்டும் என்று. கழுவினேன். இன்னும் தோள் வலிக்கிறது. இதில் எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான். எனக்கு வாடையே தெரியவில்லையே. நானும் அந்த வாசலில்தானே நின்றேன்? பதினாறு நாளும் அந்த மூட்டையைத் தொட்டுத் தூக்கினேனே, ஒரு நாள், ஒரு பொட்டு வாடை? என்னைவிடப் பூவுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஊரடங்கு போட்டார்களே, அந்தப் பெரிய காய்ச்சல் வந்த வருஷத்திலிருந்து எனக்கு வாசம் கொஞ்சம் மட்டுதான், காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வார். அதை இதோடு முடிச்சுப் போடக்கூடாது. அது மூக்கு சம்பந்தப்பட்டது. நான் சொல்வது பூ சம்பந்தப்பட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தராகப் போனார்கள். சண்டை போட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. 'ஒடம்பப் பாத்துக்க அழகு, கொஞ்ச நாள் ஓய்வா இரு' என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். சவரிக்கு இப்போது ரெண்டு நடை. காமுத்தாய் மூட்டையைத்தான் முதலில் ஏற்றுகிறான், வேண்டுமென்றே. என் வீட்டுக்குப் பின்னால் இருபது செடி இருக்கிறது, என் பெண்டாட்டி சந்தனமாரி வைத்தது. ஒரு படி தேறும். போன வாரம் விடியலில் பார்த்தால் அதுவும் தூக்குவாளியில் சவரி வண்டிக்குப் போகிறது. ஏன்டி என்றேன். "நீங்க தூங்கிட்டு இருந்தீங்க மாமா, எழுப்ப வேணாம்னு" என்றாள். நான் தூங்கவில்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில்தான்.

சரி. கதை இவ்வளவுதாங்க. மறைத்தது ஒன்றுமில்லை. இனி நீங்க சொல்லணும். மூட்டையைக் கொடுங்க, இருபத்தைந்து நிமிஷத்தில் சந்தை.

என்ன கேட்டீங்க?

ஹோஸா? ஹோஸ் அங்கேதான் இருக்கிறது. பாருங்க, கேரியர்க் கம்பியில். நல்ல ஹோஸ்.

மாற்ற எவ்வளவு நேரமா? அரைமணி கூட ஆகாது. பாய் போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கே வந்துவிட்டார், அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு. வாசலில் நின்றபடியே கட்டித் தருகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், உள்ளே போய் உட்காரு என்றார். சந்தனமாரிகூட ஸ்பானரை எடுத்து நீட்டினாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏன் என்றால்? நீங்க வெளியூர், அதனால் கேட்கிறீங்க. இன்றைக்கு நான் ஹோஸை மாற்றினால் என்ன அர்த்தம்? அன்றைக்கு இருந்தது தப்பு என்று அர்த்தம். அது தப்பு என்றால் கூட்டத்தில் நான் சொன்னது தப்பு. அப்புறம் வாய்க்கால் ஓரம் போய் நின்று அந்தம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியாகணும். பதினாறு நாளைக்கு ஒரு வார்த்தை. அதை எந்த வாயால் சொல்ல? பெரிய வேலை அது. ஹோஸ் சின்ன வேலை. சின்ன வேலையைச் செய்தால் பெரிய வேலை பின்னாலேயே வந்து நிற்கும். அதனால் ஹோஸ் அங்கேயே இருக்கட்டும். மூட்டையை வேண்டுமானால் ஒரு சாண் தள்ளிக் கட்டுகிறேன், உங்களுக்காக. இவ்வளவு இறங்கி யாருக்கும் வந்ததில்லை நான்.

எந்திரிச்சிட்டீங்களே. சவரி வண்டி இன்னும் வரலீங்க. சத்தம் கேட்கலையே. வெயில் ஏறுது, மூட்டையைத் தோளில் போட்டால் பூ சூடாயிரும், கீழே வைங்க. சரி, என்னிடம் தரவேண்டாம், இங்கேயே நின்று அவனிடமே கொடுங்க, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பேசிக்கொண்டிருக்கலாம்.

சவரி நிற்கிற தோட்டத்துக்கு நடந்தா போறீங்க? இருங்க, நானும் கூடவே மெதுவாக ஓட்டி வாரேன். ஸ்டார்ட் பண்ணிக்கிறேன். கேரியருக்கு முன்னால் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கூட வரலாம், ஹோஸ் பின்னால்தானே இருக்கு. ஏங்க. உங்களைத்தான்.

அங்கே எதற்கு இறங்குறீங்க? ரோடு இப்படி. அது வரப்புங்க. ஒத்தையடி வரப்பு. அதில் வண்டி வராதுங்களே.